குற்றவாளியின் பெயர் பெற்ற ஓநாய்

டேனிய மொழியில் ஓநாய்க்குப் பெயர் 'உல்வ்'. நார்வேஜிய மொழியிலும் அதுவே பெருவழக்கு. ஐஸ்லாந்தில் அதே சொல் 'உல்வுர்' என்ற வடிவில் வழங்குகிறது. இவற்றோடு ஒரே மொழியிலிருந்து கிளைத்த சுவீடிய மொழியிலோ அவ்விலங்கின் அன்றாடப் பெயர் 'வர்க்' என்பதாகும். எழுத்தில் 'க்' என்று முடியும் இச்சொல்லை இக்காலச் சுவீடியர் 'வர்ய்' என்று ஈறு மெலிந்து ஒலிக்கின்றனர். 'உல்வ்' என்ற சொல்லை அவர்கள் மறந்துவிடவில்லை. அது ஆட்பெயர்களிலும் வேதாகம நடையிலும் மரபுத்தொடர்களிலும் ஒதுங்கிக்கொள்ள, காட்டில் திரியும் விலங்கைச் சுட்டும் வேலை முழுவதும் 'வர்க்' என்பதன் தலையில் விழுந்திருக்கிறது. பசு, வெள்ளாடு, நாய், கரடி ஆகியவற்றுக்கு ஏறத்தாழ ஒரே பெயரை வைத்திருக்கும் இம்மொழிகள் ஓநாய் என்று வரும்போது பிரிந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. 'வர்க்' பிறப்பிலேயே விலங்குப் பெயராக இருந்த சொல்லன்று. அது வழக்கு மன்றத்திலிருந்து வந்த சொல், மனிதனைக் குறித்த சொல்.

பழைய பெயரும் அதன் உறவுகளும்

'உல்வ்' மிகத் தொன்மையான சொல். ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளுக்கும் சமஸ்கிருதம், பாரசீகம் முதலியவற்றுக்கும் பொது மூதாதையாக மொழியியலார் கொள்ளும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ஓநாய்க்கு வழங்கிய பெயரே பல கிளைகளில் பல வடிவங்களில் நிலைத்திருக்கிறது. லிதுவேனிய மொழியின் 'வில்காஸ்', ரஷ்ய மொழியின் 'வோல்க்', சமஸ்கிருதத்தின் 'விருகம்' ஆகிய மூன்றும் உல்வின் உடன்பிறப்புகள். பாரதக் கதையில் பீமனுக்கு வழங்கும் 'விருகோதரன்' என்ற பெயர் தமிழ் வாசகர் அறிந்ததே. தீராப் பசியுள்ள அவனை 'ஓநாயின் வயிறு கொண்டவன்' என்று குறிக்கும் அப்பெயரின் முதற்பகுதியும் டென்மார்க்கின் 'உல்வ்' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் 'வுல்ஃப்', 'வோல்ஃப்' என்று வகரத்தோடு தொடங்கும் சொல் ஸ்காண்டிநேவியாவில் உயிரெழுத்தோடு தொடங்குவதற்கு ஓர் ஒலிமாற்றம் காரணம். அப்பகுதியின் பழைய மொழியில் உகர ஒகரங்களுக்கு முன் நின்ற வகரம் உதிர்ந்துபோயிற்று. ஆங்கிலேயரின் பழைய கடவுளான 'வோடன்' ஸ்காண்டிநேவியாவாகிய வடநாட்டில் 'ஓடின்' ஆனதும், 'சொல்' என்று பொருள்படும் ஆங்கில 'வேர்ட்' சுவீடிய மொழியில் 'ஊர்ட்' என நிற்பதும் இதே மாற்றத்தால்தான். 'வர்க்' என்பதில் வகரத்தை அடுத்து அகரம் நிற்பதால் அது உதிராமல் தப்பியது.

இம்மாற்றம் நிகழ்வதற்கு முந்தைய நிலையைக் காட்டும் சான்று ஒன்று கல்லில் இருக்கிறது. கல்லிலும் மரத்திலும் செதுக்குவதற்கு ஏற்ப நேர்கோடுகளால் அமைந்த பழைய ஜெர்மானிய எழுத்துக்கு 'ரூன்' என்று பெயர். சுவீடனின் தெற்கே பிளேக்கிங்கே பகுதியில் இஸ்டபி என்னும் இடத்தில் கிடைத்த ரூன் கல் 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. ஹாரிவுல்ஃப் என்பவனின் நினைவாக, ஹேருவுல்ஃபின் வழிவந்த ஹாதுவுல்ஃப் என்பவன் எழுத்துகளைப் பொறித்தான் என்பதே அதன் செய்தி. 'ஹாரி' என்றால் படை, 'ஹாது' என்றால் போர், 'ஹேரு' என்றால் வாள்; ஆக, படையோநாய்க்காகப் போரோநாய் நட்ட கல்லில் வாளோநாயின் குலப்பெருமையும் சேர்ந்து நிற்கிறது. மூன்று பெயர்களிலும் வகரம் அப்படியே இருப்பதைக் கவனிக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டுக் கற்களில் இதே சொல் 'உல்ஃப்ர்' என்று வகரம் இழந்து காணப்படுகிறது. சுவீடனின் உப்லாந்து பகுதியில் உள்ள புகழ்பெற்ற கல் ஒன்று, உல்ஃப் என்ற வீரன் இங்கிலாந்தில் மூன்று முறை கப்பப் பணத்தில் பங்கு பெற்றதையும், கடைசி முறை அதைக் கொடுத்தவன் கனூட் மன்னன் என்பதையும் பதிவு செய்கிறது.

பிள்ளைக்கு ஓநாயின் பெயரைச் சூட்டி மகிழ்ந்த சமுதாயம் அவ்விலங்கின் வேகத்தையும் வீரத்தையும் மதித்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. உல்ஃப், ருடோல்ஃப் என்பதன் வடநாட்டு வடிவமாகிய ரோல்ஃப் முதலிய பெயர்கள் இன்றும் அங்கு வழக்கில் உள்ளன. ஆனால் 'வர்க்' என்ற பெயரை இப்படிப் பெருமையாகச் சூட்டும் வழக்கம் பரவவில்லை. அதற்கான காரணம் அச்சொல்லின் பொருளிலேயே இருக்கிறது.

தண்டனையிலிருந்து வந்த சொல்

'வர்க்' என்பதன் மூல வடிவம் 'வர்கஸ்' என்று மொழியியலார் மீட்டமைத்துள்ளனர். நெரித்தல், இறுக்கிக் கட்டுதல் என்னும் பொருள் கொண்ட பழைய வினையடியோடு அறிஞர் பலர் இதை இணைக்கின்றனர்; ஜெர்மன் மொழியில் 'கழுத்தை நெரி' என்று பொருள்படும் 'வுர்கன்' என்ற வினையும் அக்குடும்பத்ததே. நெரித்துக் கொல்பவன் என்பதால் அப்பெயர் வந்ததா, நெரித்துக் கொல்லப்பட வேண்டியவன் என்பதால் வந்ததா என்பதில் இருவகைக் கருத்தும் உண்டு. தூக்குமரத்துக்குப் பழைய ஆங்கிலத்திலும் ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸிலும் 'வர்க் மரம்' என்று பொருள்படும் சொற்கள் இருந்தமை இரண்டாம் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

'உல்வ்', 'வர்க்' ஆகிய இரு சொற்களும் தொடக்கத்தில் தனித்தனிப் பாதையில் சென்றவை என்பதைக் காட்டும் ஏடு சுவீடனிலேயே, உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஊதாச் சாயம் ஏற்றிய தோல் ஏடுகளில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதப்பட்டதால் 'வெள்ளிச் சுவடி' எனப் பெயர் பெற்ற அந்நூல், 4ஆம் நூற்றாண்டில் பழைய ஜெர்மானிய மொழிகளுள் ஒன்றான கோத்து மொழிக்குப் பெயர்க்கப்பட்ட நற்செய்தி நூல்களின் 6ஆம் நூற்றாண்டுப் படியாகும். 1669 முதல் அது உப்சாலாவில் பாதுகாக்கப்படுகிறது. மொழிபெயர்த்த ஆயரின் பெயரான 'வுல்ஃபிலா' என்பதற்கே 'குட்டி ஓநாய்' என்று பொருள். மத்தேயு நற்செய்தியில் ஆட்டுத்தோல் போர்த்து வரும் கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றிய இடத்தில் ஓநாய்களைக் குறிக்க அவர் 'வுல்ஃபோஸ்' என்று எழுதுகிறார். இயேசுவை மரண தண்டனைக்கு உள்ளாக்குவார்கள் என்று மாற்கு கூறும் இடத்தில் 'தண்டனை விதி' என்ற பொருளுக்கு அவர் எடுத்தாளும் வினைச்சொல் 'வர்க்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. கோத்து மொழியில் அவ்வடிக்கும் ஓநாய்க்கும் தொடர்பே இல்லை.

ஜெர்மானிய மக்கள் குடியேறிய பிற நாடுகளிலும் இதே நிலைதான். 5ஆம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சில் வாழ்ந்த சிடோனியஸ் என்ற ஆயர், வழிப்பறிக் கள்வரை உள்ளூரார் 'வர்கி' என்று அழைத்ததைக் கடிதமொன்றில் குறிக்கிறார். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட பிராங்கியரின் சாலிக் சட்டம், புதைத்த பிணத்தைத் தோண்டி எடுத்து அதன் மேலுள்ளவற்றைக் கவர்ந்தவன், இறந்தவரின் உறவினரோடு உடன்பாடு காணும்வரை 'வர்கஸ்' ஆக இருக்கட்டும் என்று விதிக்கிறது. அதுவரை அவனுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர், சொந்த மனைவியே ஆயினும், அபராதம் கட்ட வேண்டும். ஊரோடு ஒட்டும் உறவும் அறுக்கப்பட்டவன் என்பதே இங்கு அச்சொல்லின் பொருள்.

இக்கருத்து வடநாட்டில் மேலும் விரிந்தது. பழைய நார்ஸ் மொழியில், புனித இடத்தின் அமைதியைக் குலைத்தவனுக்கு 'வர்க்ர் இ வேஉம்', அதாவது புனித எல்லைக்குள் புகுந்த வர்க் என்று பெயர். வோல்சுங் குலத்தின் கதையைக் கூறும் 'சாகா' என்னும் பழைய உரைநடைக் கதைநூலில், அக்குலத்தின் முதல்வனும் ஓடினின் மகனுமான சிகி, தன்னைவிட நன்றாக வேட்டையாடிய அடிமையைப் பொறாமையால் கொன்று பனிக்குவியலில் மறைக்கிறான். குற்றம் வெளிப்பட்டபின் இதே பெயரைச் சுமந்து பிறந்த நாட்டை விட்டு வெளியேறுகிறான். மறைவாகக் கொலை செய்தவன் 'மோர்த்வர்க்ர்', தீவைத்தவன் 'பிரென்னுவர்க்ர்' என்று குற்றத்தின் வகைக்கேற்பத் தனித்தனிப் பெயர்களும் தோன்றின. சுவீடனின் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் மாகாணச் சட்டங்களைச் சார்ந்த மொழிவழக்கிலும், தீவைப்போனுக்கு ஒன்றும் பிறர் கால்நடையைக் கொன்றவனுக்கு ஒன்றுமாக, 'வர்க்' என முடியும் கூட்டுச்சொற்கள் இருந்தன.

மனிதனும் விலங்கும் சேர்ந்த இடம்

குற்றவாளியைக் குறித்த சொல் விலங்கின் மேல் ஏறியது ஸ்காண்டிநேவியாவுக்கே உரிய வளர்ச்சி. அதற்கான சூழலைப் பழைய தண்டனை முறையே அமைத்துக் கொடுத்தது. முழு விலக்கத் தண்டனை பெற்றவனுக்கு ஐஸ்லாந்துச் சட்டத்தில் 'காட்டு மனிதன்' என்று பொருள்படும் பெயர் வழங்கியது. அவனுக்குச் சோறிடுவதும் அவனைப் படகில் ஏற்றுவதும் குற்றம். அவனைக் கொன்றவனுக்கோ தண்டனை இல்லை. மன்றத்திலிருந்து வெளியேறியவன் எந்தக் காட்டில் பதுங்கினானோ அதே காட்டிலிருந்துதான் இரவில் ஓநாயும் இறங்கி வந்து பட்டியில் புகுந்தது. இருவரும் ஊரின் எல்லைக்கு வெளியே வாழ்ந்தனர். இருவரையும் கண்ட இடத்தில் கொல்லலாம்.

ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பான 'கிராகாஸ்' என்பதில் இவ்விரு பொருளும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. பகை தீர்ந்து உடன்படிக்கை செய்துகொண்டவர் அதை மீறாதிருக்க ஓதப்பட்ட ஆணையுரை, உடன்படிக்கையை முறித்தவன் 'வர்க்ர்' ஆக, மனிதர் வர்க்குகளை எவ்வளவு தொலைவு விரட்டுவரோ அவ்வளவு தொலைவும் விரட்டப்படுவான் என்று கூறுகிறது. முதலில் வரும் சொல் மனிதனைக் குறிக்கிறது. அடுத்து வருவது விலங்கைக் குறிக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு உவமையாகி, காலப்போக்கில் உவமையும் பொருளும் பிரிக்க முடியாமல் போன கட்டத்தை இவ்வொரு வாக்கியத்தில் காணலாம். விலக்கப்பட்டவனை ஓநாயாகவே பழைய ஜெர்மானியர் கருதினர் என்பது 19ஆம் நூற்றாண்டு அறிஞரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த கருத்து. இச்சொல்லின் சட்ட வரலாற்றை ஆராய்ந்து 1974-இல் உப்சாலாவில் நூல் வெளியிட்ட மிகாயேல் யாகோபி அதை மறுத்து, குற்றவாளி என்னும் பொருளே முந்தியது, ஓநாய் என்னும் பொருள் பிந்தியது என்று வாதிட்டார்.

பிந்தைய பொருள் எவ்வாறு ஒட்டிக்கொண்டது என்பதற்கு மொழியியலார் கூறும் விளக்கம் பெயர்விலக்கு. அஞ்சத்தக்க ஒன்றின் உண்மைப் பெயரைச் சொன்னால் அது வந்து நிற்கும் என்ற நம்பிக்கையால், அதைக் கூறாமல் வேறு சொல்லால் சுட்டுவதே பெயர்விலக்காகும். தமிழிலக்கணம் இத்தகைய வழக்குகளை மங்கலம் என்றும் இடக்கரடக்கல் என்றும் வகைப்படுத்தியுள்ளது. இரவில் பாம்பைப் பெயர் சொல்லாமல் 'பூச்சி' என்று கூறும் ஊர்ப்புற வழக்கம் வாசகருக்குப் புதிதன்று. சுவீடிய மொழியியலில் இப்படிப்பட்ட மாற்றுச்சொல்லுக்கு 'நோவாச் சொல்' என்று பெயர். பாலினேசிய மொழிகளில் 'தாபு' விலக்கப்பட்டதையும் 'நோவா' விலக்கில்லாததையும் குறிக்கும்; முதலாவது சொல்லைக் கேப்டன் குக் 1777-இல் டோங்கா தீவுகளில் கேட்டு ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார்.

'உல்வ்' என்று அழைத்தால் அது வந்துவிடும். 'அந்தக் கொலைகாரன்' என்று வைதால் வராது. அச்சமும் வசையும் கலந்த இவ்வழக்கத்தால் 'வர்க்' விலங்கின் மாற்றுப்பெயராகி, சுவீடனில் நாளடைவில் பழைய பெயரையே ஓரங்கட்டிவிட்டது. ஆனால் மாற்றுப்பெயர் நிலைபெற்றதும் அதுவே உண்மைப் பெயராகிவிடுகிறது. உண்மைப் பெயரானதும் அதற்கும் விலக்கு வந்து சேர்கிறது. கோடையில் கால்நடைகளைத் தொலைதூர மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்ற சுவீடியர் 'வர்க்' என்று சொல்லவும் தயங்கி, 'சாம்பற்காலன்' என்று பொருள்படும் 'கிரோபேன்' என்றும் 'பாதத்தான்' என்னும் பொருளில் 'தஸ்ஸே' என்றும் குறிப்பிட்டனர். நார்வேயிலும் 'கிரோபைன்' உண்டு. அங்கு ஓநாய்க்கு வழங்கிய 'ஸ்க்ருப்' என்ற மற்றொரு மறைபெயர், 'ஸ்க்ருப்ஸுல்தன்' என்ற சொல்லில் இன்றும் உயிரோடிருக்கிறது. பொறுக்க முடியாத பசியில் இருப்பவர் தம்மை அச்சொல்லால் குறிக்கும்போது, விருகோதரனின் பெயரில் உள்ள அதே ஓநாய்ப் பசிதான் வேறொரு சொல்லில் வெளிப்படுகிறது.

கரடிக்கும் இதே வழக்கம் இருந்தது. வடநாட்டு மொழிகள் அனைத்திலும் உள்ள 'பியோர்ன்' என்ற பெயரே 'பழுப்பு நிறத்தான்' என்று பொருள்படும் மாற்றுச்சொல் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். பிற்காலத்தில் தோன்றிய 'நல்லே', 'பம்சே' என்ற கரடிப் பெயர்கள் இன்று குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மைகளுக்குப் போய்விட்டன.

ஓநாய் இல்லாத நாட்டில்

ஐஸ்லாந்தில் ஓநாய்கள் என்றுமே வாழ்ந்ததில்லை. மனிதர் குடியேறுமுன் அங்கிருந்த ஒரே நிலப் பாலூட்டி துருவ நரிதான். ஆகவே, ஓநாய்களை விரட்டும் தொலைவுக்கு விரட்டப்படுவான் என்று கூறும் ஐஸ்லாந்துச் சட்டம், குடியேறியவர்கள் நார்வேயிலிருந்து நினைவில் கொண்டுவந்த விலங்கை அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. சுட்டுவதற்கு விலங்கு இல்லாத இடத்தில் சொல் மட்டும் சும்மா இருக்கவில்லை. 'வர்குர்' என்ற வடிவில் அது, உழைப்பவரின் பிழைப்பைக் கெடுக்கும் உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. ஆட்டுக்குட்டியைத் தூக்கும் நரியும், மென்தூவிக்காகப் பேணப்படும் ஈடர் வாத்துகளின் கூட்டில் புகும் கடற்பறவையும், 1931-இல் தோலுக்காகக் கொண்டுவரப்பட்டுப் பண்ணைகளிலிருந்து தப்பிய மிங்க் என்னும் கீரியைப் போன்ற விலங்கும் வர்குர்களே. வடக்கே மீவாத்ன் ஏரிக்கரையில் கூட்டமாக மொய்த்துக் கடிக்கும் சிறு ஈக்கும் 'மீவர்குர்' என்று பெயர். அதே வேளையில், தீவைக்கும் குற்றவாளியை 'பிரென்னுவர்குர்' என்று இன்றைய ஐஸ்லாந்தியரும் குறிப்பிடுகின்றனர். சொல்லின் முதற்பொருள் ஓநாயே இல்லாத அந்நாட்டில்தான் அழியாமல் கிடக்கிறது.

இரு சொற்களின் பாகப்பிரிவினை

சுவீடிய மொழியில் இரு சொற்களும் தங்களுக்குள் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. உயிருள்ள விலங்கும் அதன் குளிரும் தனிமையும் பசியும் 'வர்க்' பக்கம் சேர்ந்தன: கடுங்குளிர்காலம் 'வர்காவின்டர்', தன் போக்கில் தனித்து வாழ்பவர் 'என்சம்வர்க்'. ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் மட்டும், மத்தேயு நற்செய்தியிலிருந்து வந்த தொடர் என்பதால், இன்றும் 'உல்வ்' ஆகவே திரிகிறது. ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் 'வாருல்வ்' என்ற சொல்லும் பழைய பெயரை விடவில்லை. அதன் முற்பகுதியான 'வார்' என்பது மனிதனையும் ஆணையும் குறித்த சொல். லத்தீனின் 'விர்', தமிழில் 'வீரன்' என வந்து கலந்த சமஸ்கிருதச் சொல் ஆகியவை அதன் உறவினர்.

ஒரே உருவகம் எல்லையைக் கடக்கும்போது பெயரோடு பொருளும் மாறுவதைக் காட்ட 'ஓநாயின் நேரம்' என்ற தொடர் போதும். சுவீடனில் 'வர்க்திம்மே' என்பது விடியலுக்கு முந்தைய, உறக்கம் கலைந்த மனத்தை அச்சங்கள் சூழும் இருண்ட வேளை. இங்மார் பெர்க்மன் 1968-இல் எடுத்த திரைப்படம் அத்தொடரைப் பெயராகக் கொண்டு அதைப் பரவச் செய்தது. டென்மார்க்கின் 'உல்வதிமே' மாலை வேளை. பெற்றோர் வேலையிலிருந்து களைத்துத் திரும்ப, பிள்ளைகள் பசியில் அழ, அடுப்பில் உணவு இன்னும் வேகாத நேரத்தை டேனியர் அப்படி அழைக்கின்றனர். நார்வேயில் 'வர்க்' என்பதன் பழைய சட்டப்பொருள் துப்பறியும் நாவலுக்குள் போயிற்று. குன்னார் ஸ்டோலசன் 1977 முதல் எழுதிவரும் கதைகளின் நாயகனுக்கு 'வர்க் வேஉம்' என்று பெயர். புனித எல்லைக்குள் புகுந்த குற்றவாளியின் பெயரைச் சுமந்தே அவன் பெர்கன் நகரத்தில் குற்றவாளிகளைத் தேடுகிறான்.

பெயர் இவ்வாறு பல இடங்களில் வாழ்ந்துகொண்டிருந்தபோது விலங்கு அழிந்துகொண்டிருந்தது. டென்மார்க்கின் கடைசி ஓநாய் 1813-இல் கொல்லப்பட்டது. சுவீடனிலும் நார்வேயிலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது ஏறத்தாழ இல்லாமற்போனது. அதன்பிறகே சட்டம் திசை மாறி, சுவீடன் 1966-இலும் நார்வே 1971-இலும் ஓநாயைப் பாதுகாக்கப்பட்ட விலங்காக்கின. 1980களில் இரு நாட்டு எல்லைக் காடுகளில் அது மீண்டும் குட்டி ஈன்றது. டென்மார்க்கிலும் 2012-இல் ஓர் ஓநாய் தென்பட்டது. சுவீடனில் இன்று சில நூறு ஓநாய்கள் உள்ளன. அவற்றை எத்தனை வரை விட்டுவைப்பது என்பதில் ஆடு வளர்ப்போருக்கும் வேட்டைக்காரருக்கும் இயற்கை ஆர்வலருக்கும் இடையே ஓயாத வழக்கு நடக்கிறது. உரிமம் பெற்ற வேட்டைக்கு அரசு 2010-இல் இசைந்தபின் அது மேலும் சூடேறியது.

உரிமமின்றி ஓநாயைக் கொன்றவருக்குச் சுவீடனில் சிறைத்தண்டனை வரை கிடைக்கலாம். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு உடன்படிக்கையை முறித்தவனை ஓநாயைப் போல விரட்டச் சொன்ன சட்டம், இப்போது ஓநாயைக் கொன்றவனைத் தேடுகிறது. அச்சொல்லின் முதற்பொருளைக் கொண்டு பார்த்தால், அந்த வழக்கில் 'வர்க்' என்று அழைக்கப்பட வேண்டியவன் துப்பாக்கி பிடித்தவனே.